அனுசுயாவின் சுமைதாங்கி

இறக்கி வைத்த கூடையைத் திரும்பத் தூக்கியபோது அது முன்பைவிடக் கனத்தது.

ஒச்சம்மாள் முதலில் தன் கழுத்தைத்தான் சந்தேகப்பட்டாள். பள்ளத்தூர்ச் சந்தையில் காலையிலிருந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த உடம்பு, வயிற்றுக்குள் போனது ஒரு டீயும் ஆறிப்போன வடையும், போதாததற்குக் கார்த்திகை மாதத்து ஈரக்காற்று நரம்பைப் பிடித்து இழுக்கிறது, கனக்காமல் என்ன செய்யும் என்று சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் அது கழுத்து இல்லை என்று தெரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து தலையில் கூடை சுமக்கிறவள் கனத்தில் ஏமாற மாட்டாள். விற்றது போக மிச்சமிருந்த கத்தரிக்காயும் அரைக்கீரைக் கட்டுகளும்தான் கூடையில் இருந்தன. அவற்றின் மேல் வேறொன்று ஏறி, அசையாமல், பார்த்துப் பதனமாக உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது.

நின்று திரும்பிப் பார்த்தாள். கண்மாய்க்கரை வெறிச்சென்று கிடந்தது. ஒரு பக்கம் கலங்கிய தண்ணீர், மறுபக்கம் வரிசை வரிசையாகத் தைலமரக் காடு. நடுவில், கரை கொஞ்சம் அகன்ற இடத்தில், நெஞ்சு உயரத்துக்கு நட்ட இரண்டு கல்லும் அவற்றின் மேல் படுத்த ஒரு கல்லும். அவள் மகள் அனுசுயாவுக்கு வைத்த சுமைதாங்கி.

வயிற்றில் பிள்ளையோடு சாகிறவள் இறக்காத சுமையோடு போகிறவள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வழிநடையில் அவள் பேரால் ஒரு சுமைதாங்கி வைத்துவிட்டால், தலைச்சுமையோடு வருகிறவர்கள் ஆள்துணை தேடாமல் அதில் இறக்கி வைத்து, அப்பாடா என்று ஒரு மூச்சு விடுவார்கள். அந்த மூச்சு அவளுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் சுமை கொஞ்சம் இறங்கும். அனுசுயாவுக்கு எட்டாம் மாதம் வலிப்புக் கண்டு, ஆம்புலன்ஸ் காரைக்குடி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துபோனது. கை நிறைய வளைகாப்பு வளையலோடு அவளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்றே, கல் வைக்க வேண்டும் என்று ஒச்சம்மாள் சொல்லிவிட்டாள்.

கல்லையும் வைத்தார்கள். ஆனால் சுமைக்கு எங்கே போவது? பள்ளத்தூருக்கும் புதுவயலுக்கும் இடையில் இந்த ஒற்றையடிப் பாதையில் இப்போது யார் நடக்கிறார்கள்? சந்தைக்காரர்கள் ஷேர் ஆட்டோவில் மூட்டையை ஏற்றிவிட்டு, மேலேயே உட்கார்ந்து போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். யாரும் இறக்காத சுமைதாங்கி வெறும் கல். ஆகவே ஒச்சம்மாளே நடந்தாள். பள்ளத்தூரில் பாதியை விற்று, மீதியை வேண்டுமென்றே மிச்சம் பிடித்து, புதுவயல் மாலைச் சந்தைக்கு இந்த வழியாகச் சுமந்துகொண்டு வந்து, மகளின் கல்லில் இறக்கி வைத்து, அப்பாடா என்பாள். ஊரில் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பெற்றவளுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

புதுவயல் சந்தையில் கூடையை இறக்கிவிட மாரீஸ்வரி எழுந்து வந்தாள். வாழை இலை விற்கிறவள், பக்கத்துக் கடை, வாய் சும்மா இராது.

“என்னக்கா, கூடைக்குள்ள அண்ணன உக்கார வச்சுத் தூக்கிட்டு வாரியாக்கும்? இந்தக் கனம் கனக்குது!”

“ஒங்கண்ணன் கனம் எனக்குத் தெரியாதாடி? இது வேற.”

இருவருமாக இறக்கிக் கீழே வைத்தார்கள். வைத்த பிறகு மாரீஸ்வரி கூடையின் விளிம்பை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். கூடை சட்டென்று மேலே வந்தது.

“அட, காத்தா இருக்கு! தலையில இருக்கையில மட்டும் எப்படிக் கனத்துச்சு?” என்று சிரித்தவள், சிரிப்பை நிறுத்தி இடுப்பில் கை வைத்தாள். “என்னமோ சுருக்குன்னுச்சுக்கா. அடிவயித்துல.”

மாரீஸ்வரி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். இலைக்கட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அடுத்த சந்தை நாளில் ஒச்சம்மாள் சுமைதாங்கியைத் தொட்டுப் பார்த்தாள். மூட்டம் போட்ட நாள், கல் சில்லென்றுதான் இருக்க வேண்டும். அது வெதுவெதுப்பாக இருந்தது, சற்றுமுன்வரை ஒரு ஆள் சாய்ந்து நின்றுவிட்டுப் போனதைப் போல. உள்ளங்கையை மெல்ல நகர்த்தினாள். கல்லின் நடுவில் வழவழவென்று ஒரு குழிவு, தாம்பாளத்தைப் போல. இதுவரை அவள் கண்ணில் படாதது. கூடையின் அடி அதில் அளவெடுத்ததைப் போலப் பொருந்தி உட்கார்ந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. என்ன தோன்றியது தெரியுமா? அம்மாவின் கூடை சரிந்துவிடாமல் இருக்க மகள் மடி ஏந்துகிறாள் என்று தோன்றியது. கல்லைச் சுற்றி ஈரச் செம்மண்ணில் வெறுங்காலின் தடம் இருந்தது. குதிகால் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. நிறைமாதக்காரிகள் உடம்பைப் பின்னால் சாய்த்து நடப்பார்களே, அந்தத் தடம். ஒச்சம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“வந்தியா ஆத்தா,” என்றாள். “செருப்பில்லாம ஏன் வந்த? முள்ளு கெடக்குல்ல.”

தைலமரக் காட்டில் இலைகள் ஒன்றோடொன்று உரசின. அந்த மருந்து வாசனைக்கு நடுவில் இன்னொரு வாசனை வந்து போனது, புதுமழை விழுந்த மண்ணின் வாசனை. மழை இன்னும் பெய்யத் தொடங்கவில்லை.

அனுசுயாவுக்கு மசக்கையில் புளி என்றால் உயிர். உப்பும் மிளகாயும் வைத்து இடித்த புளியுருண்டையை மாமியார் பார்க்காமல் முந்தானையில் முடிந்து வைத்துத் தின்றாள். மறு சந்தைக்கு ஒச்சம்மாள் அதை இடித்து இலையில் மடித்துக் கொண்டுவந்து கல்லின் குழிவில் வைத்துவிட்டுப் போனாள். போகும் வழியெல்லாம் கூடை கனத்தது. கனக்கட்டும் என்று சந்தோசமாகச் சுமந்தாள். பிள்ளை கனத்தால் தாய்க்கு நோகுமா?

அதற்கடுத்த முறை வந்து பார்த்தபோது இலை பிரித்தபடி கிடந்தது. புளியுருண்டையை யாரோ எடுத்து, ஒரு கடி கடித்து, துப்பிவிட்டிருந்தார்கள். எறும்பு மொய்த்தது.

கல்லுக்குப் பின்னால், கரைச் சரிவில், செம்மண்ணை விரலால் தோண்டி எடுத்த பள்ளம் இருந்தது. ஒரு தடவை தோண்டியது இல்லை. பழைய பள்ளம், புதுப் பள்ளம், அதற்குள் இன்னொரு பள்ளம். ஒவ்வொன்றிலும் நகம் இழுத்த கோடு. பக்கத்தில் கிடந்த மண்கட்டியை ஒச்சம்மாள் எடுத்துப் பார்த்தாள். அதன் ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

மசக்கையில் மண் தின்கிற பெண்கள் உண்டு. அனுசுயா ஒருநாளும் தின்றதில்லை. அடுப்புச் சாம்பலைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பாள்.

மண்கட்டியைக் கீழே போட்டாள். கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

இத்தனை நாளும் இங்கே வந்து நின்றது தன் மகள் இல்லை.

அன்று வீட்டில் புருஷன் மலையாண்டி சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

“அந்தக் கல்ல எங்குட்டு வாங்கினீக?”

“இப்ப என்ன அதுக்கு?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“காரைக்குடில. முத்தப்பன் கிட்டங்கில.”

“பழைய வீட்டுச் சாமான் விக்கிறவருகிட்டயா? எம் மகளுக்குப் பழைய கல்லா?”

மலையாண்டி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. “புதுக்கல்லு வெட்டி வர மாசமாகும்னாக. பதினாறுக்குள்ள வைக்கணும்னு நீதானே கெடந்து அழுத? பழசா இருந்தா என்ன, காரைக்குடில பழசுதானடி ஒசத்தி. ஊரு ஒலகமே அங்க வந்து பழசத்தான் தேடி வாங்குது.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நல்லா வழவழன்னு இருந்துச்சு ஒச்சு. பிள்ளைக்கு உறுத்தாதுன்னு எடுத்தேன்.”

அதற்கு மேல் அவரை என்ன கேட்பது?

காரைக்குடியில் முத்தப்பனின் கிட்டங்கி இடித்த வீடுகளின் எலும்புக்கூடுகளால் நிறைந்திருந்தது. தேக்குக் கதவுகள் சுவரில் சாய்ந்து நின்றன, எந்த வீட்டுக்குள்ளும் திறக்காமல். ரசம் போன கண்ணாடி ஒன்றில் ஒச்சம்மாளின் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

“வாங்கத்தா. தூணா, கதவா?” என்று முத்தப்பன் எழுந்து வந்தார்.

“நீங்க குடுத்த ஒரு கல்லப் பத்திக் கேக்கணும்ணே. கண்மாய்க்கரையில சுமைதாங்கிக்கு வாங்கினாகளே.”

“நல்ல கல்லாச்சே! வெடிச்சிருச்சா?”

“வெடிக்கல. முன்னாடி அது எங்க இருந்துச்சு?”

முத்தப்பன் பெருமையாகச் சிரித்தார். “அதுவும் சுமைதாங்கியா இருந்ததுதான். ரோட்ட அகலமாக்கையில பிடுங்கிப் போட்டது. ஒங்க வீட்டுக்காரரு சுமைதாங்கிக்குன்னு கேட்டாரு, நானும் சுமைதாங்கிக் கல்லாவே தேடிக் குடுத்தேன். இம்புட்டுப் பொருத்தமா வேற எவன் குடுப்பான்?”

“அப்ப அது ஒரு பொண்ணுக்கு வச்சதுதானண்ணே?”

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. “இருக்கும். வச்சவுக செத்தே எந்தக் காலமோ. கேக்க ஆளில்லாத கல்லு ஆத்தா அது.”

“கேக்க ஆளிருக்கு,” என்றாள் ஒச்சம்மாள்.

புறப்படும்போது கொல்லைப் பக்கம் பார்த்தாள். மதில் ஓரமாகக் கற்கள் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் அதே வழவழப்பான குழிவு. மழைத்தண்ணீர் தேங்கி, கண்களைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. “இதெல்லாம்?” என்று கேட்டாள். “இதுகளும் அப்பிடித்தான். ஓட்டல்காரவுக தோட்டத்துல பெஞ்சு போட வாங்கிட்டுப் போவாக,” என்றார் முத்தப்பன். இந்த முறை அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மலையாண்டி மறுநாளே கடப்பாரையை எடுத்தார். “பிடுங்கி அவன் கிட்டங்கிலயே போட்டுட்டு வாரேன். கடனோ உடனோ, புதுசா வெட்டி வைப்போம்.”

ஒச்சம்மாள் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள். “பிடுங்கினா அவ எங்குட்டுப் போவா? ஏற்கெனவே ஒருக்கா பிடுங்கிட்டாக. தேடித் தேடி இப்பத்தான் வந்து சேந்திருக்கா.”

“அவளப் பாத்தா நம்ம பிள்ளைய யாரு பாக்குறது?”

அந்தக் கேள்வி ராத்திரி முழுக்க அவள் பக்கத்தில் படுத்திருந்தது. தான் இத்தனை நாள் இறக்கி வைத்த சுமையெல்லாம், விட்ட மூச்செல்லாம், முகம் தெரியாத ஒருத்திக்குப் போயிருக்கிறது. அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவளையும் ஒருத்தி பெற்றிருப்பாள். அவளுக்காகவும் ஒருத்தி பதினாறாம் நாளுக்குள் கல் வேண்டும் என்று அழுதிருப்பாள். ஆனால் அனுசுயா? இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கே இறக்குவது என்று தெரியாமல், எந்தக் கரையில் நிற்கிறாளோ?

விடியும்போது ஒரு வழி தோன்றியது. இரண்டு சுமை கொண்டுபோவது. ஒன்று கல்லுக்குச் சொந்தக்காரிக்கு. ஒன்று மகளுக்கு.

சந்தை நாளில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தூரில் சாக்குப் படுதாவுக்கு அடியில் காத்திருந்து, அது விட்டபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கூடை. இரண்டிலும் பரங்கிக்காய், கனம் வேண்டும் என்பதற்காகவே வாங்கியது. ஏற்றிவிட்ட ஆட்டோக்காரன், “யாத்தே, கழுத்து முறிஞ்சிரும், வண்டில ஏறு,” என்று கத்தினான். அவள் திரும்பவில்லை.

கண்மாய்க்கரையில் ஏறியபோது தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஈரச் செம்மண் காலைப் பிடித்து, விட மனமில்லாமல் விட்டது. தைலமரங்களின் பட்டை நனைந்து உரிந்து தொங்க, உரிந்த இடமெல்லாம் வெளுத்த தோலாகத் தெரிய, காற்று அடிக்கும்போது அந்தப் பட்டைகள் மரத்தில் மோதி ஒரு சத்தம் எழுப்பின. வளையல் சத்தத்தைப் போலவும் இருந்தது, இல்லாததைப் போலவும் இருந்தது. கழுத்து நரம்பு தெறித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. வலிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வலித்தால்தான் மூச்சு நிஜமாக வரும்.

சுமைதாங்கி தெரிந்ததும் தவளைகள் கத்துவதை நிறுத்தின.

எல்லாம் ஒரே நேரத்தில்.

குனிந்து, கல்லோடு தலையை ஒட்டி, கூடைகளை நகர்த்தினாள். அடிக்கூடை குழிவில் உட்கார்ந்தது. மேல்கூடையைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

“இது யாரு பெத்த மகளோ, அவளுக்கு,” என்று முதல் கூடையைத் தொட்டாள். “இது எம் மக அனுசுயாவுக்கு.”

மூச்சு விட வாயைத் திறந்தாள்.

மூச்சு வரவில்லை.

“அப்பாடா.”

கல்லுக்கு அந்தப் பக்கம். மிக அருகில். ஒரு பெண்ணின் குரல், நெடுந்தூரம் நடந்த குரல். கூடைகளுக்கு மேலாக, மங்கிய வெளிச்சத்தில், இரண்டு கைகள் கல்லின் விளிம்பைப் பற்றியிருந்தன. நகக்கண்ணில் செம்மண். அந்தக் கைகள் மெல்ல, மெல்லத் தளர்ந்தன. கல்லின் மேல் ஏதோ வந்து அமர்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நட்டுவைத்த இரண்டு கல்லும் ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியது மட்டும் தெரிந்தது. கூடைகள் சரிந்து விழுந்தன. பரங்கிக்காய் ஒவ்வொன்றாகச் சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்தது.

கைகள் இல்லை. போய்விட்டாள். இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

ஒச்சம்மாளுக்கு அழுகை வந்தது. நல்ல அழுகை. “போய்ட்டு வா ஆத்தா,” என்றாள். “இனி எம் மகளுக்கு எடம் விடு.” குழிவைத் தடவினாள். கை அதற்குள் போகவில்லை. குழிவுக்கு மேலேயே முட்டி நின்றது. வெதுவெதுப்பான, இறுக்கமான, வட்டமான ஒன்று. அடியில் லேசான துடிப்பு.

கல் நிறைந்துவிட்டது. அதில் இனி யாருக்கும் இடமில்லை.

அப்போது பின்னாலிருந்து கேட்டது.

“எறக்கிவிடும்மா.”

வழியில் சுமையோடு நிற்கிறவர் இறக்கிவிடச் சொன்னால் மறுக்கக் கூடாது. பகையாளியாக இருந்தாலும் கூடாது. ஒச்சம்மாள் வாழ்நாளில் மறுத்ததில்லை. அதோடு, அம்மா என்றல்லவா கூப்பிட்டது?

“அனுசுயா?”

“முடியலம்மா. எறக்கிவிடு.”

திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்று பயம். அப்படியே மண்டியிட்டாள். செம்மண் சேறு முழங்காலை வாங்கிக்கொண்டது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேலே விரித்தாள்.

“கல்லுல எடமில்ல கண்ணு. ஏங் கையில எறக்கு. இந்தா. அம்மா பிடிச்சுக்கிறேன்.”

மண்வாசனை வந்தது. அதற்குள் விளக்கெண்ணெய் வாசனை. பக்கத்தில் யாரோ முக்கிக் குனியும் ஓசை. கையில் கனம் இறங்கியது, சில்லென்று, ஈரமாக, எலும்பு வரைக்கும். தோள்மூட்டு கிறீச்சிட்டது. தாங்கினாள். “அப்பாடா” என்று காதோரம் ஒரு மூச்சு. விலகிப்போன கை அவள் கண்ணுக்கு முன்னால் கடந்தது. முழங்கை வரைக்கும் பச்சை குத்திய கை. பழைய காலத்துக் கை.

அனுசுயாவின் கையில் பச்சை கிடையாது.

“நீ யாரு?” என்றாள்.

“எறக்கிவிடும்மா,” என்றது இன்னொரு குரல். அதன் பின்னால் இன்னொன்று. எல்லாம் களைத்த குரல்கள், சின்ன வயதுக் குரல்கள். எல்லாம் அம்மா என்றன.

கையை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. கையில் இருப்பதைக் கீழே வைக்கப் பார்த்தாள். வைக்க இடமில்லை. இறக்கிவிடச் சொல்லலாம் என்றால் அந்தப் பாதையில் ஆளில்லை.

அப்போதுதான் தலையைத் திருப்பினாள்.

கண்மாய்க்கரை நெடுக, கடைசி வெளிச்சத்தில், பெண்கள் வரிசையாக நின்றார்கள். கண்டாங்கிச் சேலை கட்டியவர்கள், ரவிக்கை போடாதவர்கள், நைட்டியோடு ஒருத்தி, ஆஸ்பத்திரித் துணியோடு ஒருத்தி. ஒவ்வொருத்தியும் இரண்டு கையாலும் வயிற்றை அடியில் ஏந்திக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து. யாரும் தள்ளவில்லை. யாரும் முந்தவில்லை. இப்படி ஓர் இடம் இருப்பதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கரை வளைந்து காட்டுக்குள் நுழையும் இடம்வரை வரிசை போனது. வளைவுக்கு அப்பாலும் போனது.

வளைவில், எல்லோருக்கும் பின்னால், அனுசுயா நின்றாள்.

வளைகாப்புச் சேலை. வீங்கிய பாதத்தை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றாள். ரேஷன் கடையானாலும் பஸ்ஸானாலும் அவள் அப்படித்தான், நீங்க முன்னால போங்கக்கா என்று எல்லோரையும் விட்டுவிட்டுக் கடைசியில் நிற்கிறவள். காட்டுக்குள்ளிருந்து இன்னொருத்தி வந்தாள். அனுசுயா ஒதுங்கி அவளுக்கும் இடம் விட்டாள்.

“ஏத்தா அனுசுயா!” என்று ஒச்சம்மாள் கத்தினாள். “முன்னால வா! எம் மகளே, முன்னால வா!”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்த முகம்தான். கையை வயிற்றிலிருந்து எடுக்க முடியாததால் தலையை மட்டும் அசைத்தாள், பரவாயில்லம்மா, நான் நிக்கிறேன் என்பதைப் போல.

சேறு ஒச்சம்மாளின் தொடை வரைக்கும் ஏறியிருந்தது. நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. வரிசையில் அடுத்து நின்றவள் முன்னால் வந்து, மூச்சு வாங்க, வயிற்றைத் தாங்கியபடி அந்தக் கைகளின் மேல் குனிந்தாள்.